எல்லா காரும் ஒண்ணுதான்னா, ஜெயிக்கிறது யாரு? நரேன் கார்த்திகேயன் ஓட்டிய ‘ஸ்டாக் கார்’ ரேஸ் சொல்லும் கணக்கு

ஷிப்ட் முடிகிற நேரத்தில் பாடி மேம்பாலத்தில் மாட்டிக்கொண்டால் கால் மணி நேரம் காலி. லூகாஸ் டிவிஎஸ், வீல்ஸ் இந்தியா, பிரேக்ஸ் இந்தியா என்று சுற்றிலும் தொழிற்சாலைகள். ஸ்டார்ட்டர் மோட்டார், வீல், பிரேக் என ஒரு காருக்குள் நாம் கவனிக்காத பல சமாச்சாரங்கள் இந்த வட்டாரத்தில்தான் உருவாகின்றன. இங்கே வேலை பார்ப்பவர்களுக்கு ஒரு விஷயம் நன்றாகத் தெரியும்: காலையில் செய்த பீஸும் ராத்திரி ஷிப்டில் செய்த பீஸும் ஒரே மாதிரி இருக்கணும். இல்லைன்னா ரிஜெக்ட்.

இதே ‘ஒரே மாதிரி’யை நம்பித்தான் ஒரு வகை கார் பந்தயமே பிறந்தது. எல்லோருக்கும் ஒரே மாதிரி வண்டி கொடுத்துவிட்டால், மிச்சம் இருக்கும் வித்தியாசம் ஓட்டுபவரின் திறமை மட்டும்தானே? கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. நிஜத்தில் அப்படி நடக்கிறதா?

ஸ்டாக் கார்னா என்ன?

ஷேர் மார்க்கெட்டுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஷோரூமில் இருந்து வரும் காரை அப்படியே, எதையும் மாற்றாமல் ஓட்டினால் அது ஸ்டாக் கார். இந்தப் பந்தயங்களை நடத்தும் அமெரிக்காவின் நாஸ்கார் அமைப்பு 1948-ல் தொடங்கியது. அடுத்த ஆண்டு ஜூனில் சார்லட் நகரில் நடந்த அதன் முதல் ‘ஸ்ட்ரிக்ட்லி ஸ்டாக்’ பந்தயத்தில் க்ளென் டனவே முதலாவதாக வந்தார். பிறகு வண்டியைச் சோதித்தார்கள். பின்பக்க ஸ்ப்ரிங்கில் கைவேலை நடந்திருந்தது. அது திருட்டுச் சாராயம் கடத்துகிறவர்கள் லோடு ஏற்றிக்கொண்டு வேகமாகப் பறப்பதற்காகச் செய்கிற வேலை. டனவே தகுதிநீக்கம் செய்யப்பட்டு, இரண்டாவதாக வந்த ஜிம் ரோப்பருக்கு வெற்றி போனது.

ஆக, முதல் ரேஸிலேயே தில்லாலங்கடி! இன்றைய நாஸ்கார் வண்டிகள் பெயரளவில்தான் ஸ்டாக். உள்ளே எல்லாமே பந்தயத்துக்கென்று செய்தவை. ஆனால் எடை, உயரம், எஞ்சின் என ஒவ்வொன்றுக்கும் அளவு நிர்ணயித்து, வண்டிகளுக்கு நடுவே உள்ள இடைவெளியை முடிந்தவரை குறைத்து வைத்திருக்கிறார்கள்.

ஆறு பேரில் நாலாவது

கோவையில் வளர்ந்த நரேன் கார்த்திகேயன் 2005-ல் ஜோர்டான் அணிக்காக ஃபார்முலா ஒன் ஓட்டினார். அந்த விளையாட்டில் நுழைந்த முதல் இந்தியர் அவர்தான். ஃபார்முலா ஒன்னில் ஒவ்வொரு அணியும் தன் காரைத் தானே வடிவமைக்கும். பணக்கார அணியின் கார் வேகமாகப் போகும். ஜோர்டானோ கடைசி வரிசை அணி. உயிரைக் கொடுத்து ஓட்டினாலும் ரெனோ காரைப் பிடிக்க முடியாது.

அந்த வருடம் இண்டியானாபோலிஸில் நடந்த அமெரிக்க கிராண்ட் பிரீயில் அவருக்கு நாலாவது இடம், 5 புள்ளிகள். ஆனால் டயர் பாதுகாப்புப் பிரச்சினையால் மிஷெலின் டயர் போட்ட 14 கார்கள் அன்று ஒதுங்கிக்கொண்டன. ஓடியது மொத்தமே ஆறு கார்கள். அவரது ஃபார்முலா ஒன் வாழ்க்கையின் மிகச் சிறந்த ரிசல்ட் இதுதான். அவரது திறமையைப் பற்றி அதிகம் சொல்லாத ரிசல்ட்டும் இதுவே.

2010 மார்ச்சில் அவர் நாஸ்காரின் டிரக் பிரிவில் இறங்கினார். நாஸ்காரில் ஓட்டிய முதல் இந்தியரும் அவர்தான். இடம் மார்ட்டின்ஸ்வில். ஒரு சுற்று ஒரு கிலோமீட்டர்கூட வராத குட்டி வட்டப்பாதை, 250 சுற்றுகள். ஃபார்முலா ஒன் கார் சுமார் 600 கிலோதான் இருக்கும். இந்த டிரக் 1,500 கிலோவைத் தாண்டும். பிரேக் பிடிப்பதில் இருந்து எல்லாவற்றையும் புதிதாகக் கற்றாக வேண்டும். ஃபார்முலா ஒன்னில் லேசாக உரசினாலே கதை முடிந்தது. இங்கே பின்னால் வருபவர் பம்பரில் இடித்துத் தள்ளுவது அன்றாடம். பக்கத்தில் யார் வருகிறார்கள் என்பதை, மேலே நின்று பார்க்கும் ‘ஸ்பாட்டர்’ ரேடியோவில் சொல்லிக்கொண்டே இருப்பார். கண்ணை நம்பி ஓட்டிப் பழகியவர் இன்னொருவரின் குரலை நம்பி ஓட்டணும். ஏறக்குறைய நம்ம ஊர் பஸ் கண்டக்டர் ‘ரைட், ரைட்’ சொல்கிற மாதிரிதான்.

அந்த முதல் ரேஸில் நரேன் 13-வது. ஆறில் நாலாவதைவிட இந்தப் பதிமூன்றுக்கு மதிப்பு அதிகம். சுற்றிலும் இருந்தவர்கள் எல்லோரும் கிட்டத்தட்ட அதே வண்டியில், இதே வேலையை வருடக்கணக்கில் செய்தவர்கள். அந்த சீசனில் டிரக் பிரிவின் ‘மிகப் பிரபலமான ஓட்டுநர்’ விருதும் அவருக்குக் கிடைத்தது. அது ரசிகர்கள் ஓட்டுப் போட்டுக் கொடுப்பது. சந்தோஷம்தான், ஆனால் ஸ்டியரிங்குக்கும் அதற்கும் தொடர்பில்லை. அடுத்த ஆண்டு அவர் ஃபார்முலா ஒன்னுக்கே திரும்பிவிட்டார்.

நம்ம ஊரில்?

பாடியில் இருந்து கோயம்பேடு, பூந்தமல்லி வழியாக பெங்களூரு நெடுஞ்சாலையைப் பிடித்தால் இருங்காட்டுக்கோட்டை. சென்னையின் ரேஸ் டிராக் அங்கேதான். ஸ்டாக் காருக்கு நெருக்கமான ‘ஒன் மேக்’ பந்தயங்களை இந்த டிராக் நிறையப் பார்த்திருக்கிறது. 2010-ல் தொடங்கிய போலோ கப், பிறகு எடியோஸ் என ஒரே மாடல் கார்கள். கம்பெனியே வண்டியைத் தயார் செய்து வைக்கும், ஓட்டுபவர் ஹெல்மெட்டோடு வந்தால் போதும். 2024 ஆகஸ்ட் கடைசியில் தீவுத்திடலைச் சுற்றி இரவில் நடந்த ஃபார்முலா 4 தெருப் பந்தயத்திலும் வண்டிகள் எல்லாம் ஒரே மாடல்தான்.

வண்டி சமம், சரி. பயிற்சி? டிராக் வாடகை, டயர், இடித்தால் ரிப்பேர் என எல்லாமே காசு. வருடத்துக்கு ஐம்பது நாள் ஓட்டிப் பார்த்தவரும் ஐந்து நாள் ஓட்டியவரும் ஒரே காரில் உட்கார்ந்தால் அது சமமான போட்டி ஆகாது. நரேனின் அப்பா ஜி.ஆர்.கார்த்திகேயனே பெயர் பெற்ற ராலி ஓட்டுநர். மகன் பதின்பருவத்திலேயே பிரான்ஸில் ரேஸ் பள்ளிக்குப் போனார். திறமையைக் குறைத்துச் சொல்வதற்காக இல்லை, அந்த வாசலைத் திறக்கவே ஒரு குடும்பம் பின்னால் நிற்கணும் என்பதற்காகத்தான். ஐடிஐ முடித்து அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டும் பையன் அதே டிராக்கில் மெக்கானிக்காக நுழைவது சுலபம். ஓட்டுநராக நுழைவது அப்படி இல்லை. பைக் ரேஸில் செலவு குறைவு, கதவும் கொஞ்சம் அகலம்.

அடுத்த முறை இருங்காட்டுக்கோட்டைக்கு ரேஸ் பார்க்கப் போனால், கடைசிக் கொடி விழுந்ததும் பைக்கை எடுத்துவிடாதீர்கள். முதலில் வந்த காரைத் தனியாக நிறுத்தி, அதிகாரிகள் எடை போட்டு, எஞ்சினில் வைத்த சீல் அப்படியே இருக்கிறதா என்று பார்ப்பார்கள். அவர்கள் கையெழுத்துப் போடும்வரை ரிசல்ட் தற்காலிகம்தான்.