கூரை ஏறுபவரின் பெல்ட்டுக்கும் ஆய்வு வேண்டும்

சிவகாசி வட்டாரத்தில் ஆய்வு என்றாலே வெடிமருந்தின் அளவு, அறையில் இருக்கும் ஆட்கள், உரிமம் என்றுதான் பேச்சு ஓடும். அது நியாயமும்கூட. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் உரிமம் நிறுத்திவைக்கப்பட்டிருந்த பட்டாசு ஆலையில் வேலை நடந்தது. அங்கே நேர்ந்த வெடிவிபத்தில் 30-க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். உத்தரவு தாளோடு நின்றுவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். அந்த அலட்சியம் கூரையிலும் இருக்கிறது. அங்கே ஒருவர் மட்டும் விழுந்து சாவதால் ஊர் அதிர்வதில்லை.

பட்டாசு ஆலைகளில் தீபாவளிக்குப் பிந்தைய விடுமுறைதான் பழுதுபார்க்கும் காலம். ராஜபாளையம் நூற்பாலை, சிவகாசி அச்சகம், விருதுநகர் கிட்டங்கி எதுவானாலும் ஒழுகும் ஷீட்டை மாற்ற ஒருவர் ஏறித்தான் ஆக வேண்டும். பெரும்பாலும் அவர் ஒப்பந்தக்காரரின் ஆள். பழைய ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் கால் வைத்ததும் உடையும். அந்த நொடியில் அவரைத் தாங்க வேண்டியது சேப்டி பெல்ட் ஒன்றுதான்.

அந்த பெல்ட் நம் வெயிலில் சத்து இழக்கும். நாடாவில் வெட்டு, பிரிந்த தையல், தீப்பொறி பட்ட ஓட்டை, துருவேறிய வளையம், தானாக மூடாத கொக்கி: இவற்றில் ஒன்று கண்டாலும் ஒதுக்கிவிட வேண்டும். ஒருமுறை விழுந்தவரைத் தாங்கிய பெல்ட் பார்வைக்குப் புதிதாகவே இருந்தாலும் அதன் ஆயுள் முடிந்தது. இடுப்பை மட்டும் சுற்றும் பெல்ட் விழுபவரின் வயிற்றையும் முதுகெலும்பையும் நொறுக்கும். தோளையும் தொடையையும் சேர்த்துப் பிடிக்கும் முழு உடல் பெல்ட்தான் வேண்டும். அதையும் ஷீட்டின் ஆணியில் மாட்டினால் பயனில்லை. கொக்கிக்கு உறுதியான உத்திரம் வேண்டும்.

பட்டாசு ஆலையில் இன்னொரு சிக்கல். மருந்து புழங்கும் இடத்தில் பருத்தி உடைதான் அணிய வேண்டும், இரும்புக் கருவி ஆகாது. பெல்ட்டோ செயற்கை இழை நாடா, இரும்புக் கொக்கி. ஆகவே அறையைக் காலிசெய்து, மருந்துத் துகள் இல்லாமல் கழுவிய பிறகே கூரையில் ஆள் ஏற வேண்டும். வேலை நடக்கும்போதே மேலே ஒருவரை ஏற்றுவது இருவகை மரணத்தை ஒரே கூரையின்கீழ் அழைப்பதாகும்.

விஷவாயுத் தொட்டிக்குள் இறங்குபவரின் பெல்ட்டையும் கயிற்றையும் தகுதியுள்ளவர் அவ்வப்போது சோதித்துச் சான்றளிக்க வேண்டும் என்று 1948-இல் இயற்றப்பட்டபோதே தொழிற்சாலைகள் சட்டம் சொன்னது. பள்ளத்தில் இறங்குபவருக்கு அன்றே கிடைத்த உறுதி, உயரத்தில் ஏறுபவருக்கு இன்னும் ஏன் மறுக்கப்பட வேண்டும்?

ஒவ்வொரு பெல்ட்டுக்கும் எண், வாங்கிய தேதி, ஆறு மாதத்துக்கு ஒருமுறை சோதித்தவரின் கையெழுத்து, இவை கொண்ட பதிவேட்டைத் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககம் கட்டாயமாக்க வேண்டும். கழித்த பெல்ட்டை இரண்டாக வெட்டிப் போட வேண்டும். இல்லையேல் அது இன்னொருவர் தோளுக்கு வந்து சேரும். ஒப்பந்தக்காரரின் ஆள் என்று சொல்லி ஆலை நிர்வாகம் ஒதுங்கக் கூடாது. பதிவேடு காட்டாத ஆலையில் கூரை வேலைக்கு அனுமதியே தரக் கூடாது.