நம்ம சினிமாவுக்கு ஒரு தாவெர்னியே வேணும்

பெர்த்ரான் தாவெர்னியேன்னு ஒரு பிரெஞ்சு டைரக்டர். 1941ல லியோன் நகரத்துல பிறந்து 2021ல காலமானவர். அவர் 2016ல எடுத்த ஒரு டாக்குமெண்டரியை ரெண்டு ராத்திரியா பிரிச்சு லேப்டாப்ல பார்த்து முடிச்சேன். பேரைத் தமிழ்ல சொன்னா 'பிரெஞ்சு சினிமா வழியே ஒரு பயணம்'. மூணு மணி நேரத்துக்கு மேல ஓடுது. பார்த்ததுலேர்ந்து ஒரே பொறாமை. அந்தப் பொறாமையைத்தான் இங்க கொட்டப் போறேன்.

படத்துல வருஷ வரிசை கிடையாது. விருதுப் பட்டியல் கிடையாது. சின்ன வயசுல டிபி வந்து சானடோரியத்துல கிடந்த பையன் அங்க போட்டுக் காட்டின ஒரு படத்துல சொக்கிப் போறான். அது ழாக் பெக்கர் எடுத்த படம்னு பல வருஷம் கழிச்சுத்தான் அவருக்குத் தெரிய வருது. அங்கேர்ந்து கதையைப் பிடிச்சு, பெக்கர், ரெனுவார், நடிகர் ழான் காபேன், மெல்வில் (இவர்கிட்ட தாவெர்னியே உதவியாளரா வேலை பார்த்திருக்கார்), க்ளோத் சோத்தேன்னு தனக்குப் பிடிச்ச ஆளுங்க பின்னாடியே போறார். நாம பேரே கேள்விப்படாத கிரெவில்னு ஒரு டைரக்டருக்கு தாராளமா நேரம் ஒதுக்கறார். 1940ல போர்ல செத்துப்போன மொரிஸ் ழோபேர்ங்கற இசையமைப்பாளரைப் பத்தி நம்ம ஆளு ராஜா பத்திப் பேசற மாதிரி உருகறார்.

எனக்கு ரொம்பப் பிடிச்சது ரெனுவார் பகுதி. அவர் படங்களைத் தலையில தூக்கி வச்சுக் கொண்டாடற அதே மனுஷன், 1940 வாக்குல ரெனுவார் எழுதின அசிங்கமான கடிதங்களையும் மறைக்காம சொல்லிடறார். படம் மேதையோடது, கடிதம் கேவலம், ரெண்டும் உண்மை. அவ்வளவுதான். நம்மூர்ல இப்படி ஒரு ஸ்டாரைப் பத்தி யாராவது பேசினா மறுநாள் வீட்டு வாசல்ல போஸ்டர் எரியும்.

சரி, நம்ம கதைக்கு வருவோம். தமிழ் சினிமாவுக்கு வரலாறு எழுதப்படலைன்னு சொல்ல மாட்டேன். தியடோர் பாஸ்கரன் 1981லேர்ந்து புத்தகம் போட்டுக்கிட்டு இருக்கார். ஃபிலிம் நியூஸ் ஆனந்தன் ஒத்தை ஆளா நின்னு படம் படமா தகவல் சேர்த்தவர், 2016ல போய்ச் சேர்ந்தார். இல்லாதது என்னன்னா, படம் எடுக்கற ஒருத்தர் உட்கார்ந்து, ஒரு காட்சியை ஓட்டிக் காட்டி, "இங்க கேமரா ஏன் நகரலை பாருங்க, இதைப் பார்த்துதான் நான் தொழில் கத்துக்கிட்டேன்"னு சொல்ற படம். நமக்கு வாய்ச்சதெல்லாம் விழாக்கள்தான். 2013 செப்டம்பர்ல சென்னை நேரு ஸ்டேடியத்துல இந்திய சினிமா நூற்றாண்டு விழா நடந்துச்சு. ஆட்டம், பாட்டு, மரியாதை, சால்வை. ஒரு பழைய காட்சியை எடுத்து வச்சு அஞ்சு நிமிஷம் பேச அந்த மேடையில யாருக்குத் தோணுச்சு?

இந்தியாவுல இதுக்குப் பக்கத்துல வர்ற படம் ஒண்ணு இருக்கு. ஷிவேந்திர சிங் துங்கர்பூர் 2012ல எடுத்த 'செல்லுலாய்டு மேன்'. பூனா திரைப்பட ஆவணக்காப்பகத்தைக் கட்டி எழுப்பின பி.கே.நாயரைப் பத்தினது. துங்கர்பூர் அதே பூனா வளாகத்துல படிச்ச பையன்ங்கறதால, நாயர் வழியா தன்னோட சினிமாக் காதலையும் சொல்லிடறார். அதுல ஒரு தகவல்: இந்தியாவுல எடுத்த மௌனப்படங்கள் சுமார் 1700, முழுசா மிஞ்சினது விரல் விட்டு எண்ணற அளவுதான். மீதியெல்லாம் மக்கிப் போச்சு, எரிஞ்சு போச்சு, இல்லேன்னா ஃபிலிம்ல இருக்கற வெள்ளிக்காக உருக்கப்பட்டுச்சு. ஆமா, வெள்ளிக்கொலுசு செய்யற அதே வெள்ளி! கர்நாடகாவுல ஹெக்கோடுங்கற கிராமத்துக்காரங்க நாயர் அனுப்பின பிரதிகள்ல உலகப் படங்களைப் பார்த்துப் பழகினவங்க. அவங்க அதைப் பத்திப் பேசறதைப் பார்க்கறப்ப எனக்கு வயித்தெரிச்சல். கர்நாடகாகிட்ட நாம தண்ணி மட்டும்தான் கேட்டுக்கிட்டு இருக்கோம்.

இப்ப ஒரு கணக்கு பாருங்க. முதல் தமிழ் பேசும்படம் 'காளிதாஸ்', 1931 அக்டோபர் 31ல வெளியாச்சு. நாயகி டி.பி.ராஜலட்சுமி, நம்ம திருவையாத்துக்காரர். அந்தம்மா தமிழ் பேச, கூட நடிச்சவங்க தெலுங்கும் இந்தியும் பேச, நடுவுல தியாகராஜ கீர்த்தனை வேற. அஞ்சே வருஷத்துல, 1936ல, 'மிஸ் கமலா'வை அவரே எழுதி டைரக்ட் பண்ணிட்டார். தமிழ்ல படம் இயக்கின முதல் பெண். ரெண்டு படத்துக்கும் இன்னிக்கு பிரதி இல்லை. வருஷா வருஷம் தை மாசம் ஆராதனைக்குத் திருவையாத்துல கூடற கூட்டத்துல எத்தனை பேருக்கு இந்தப் பேர் தெரியும்?

1931 ரொம்பப் பழசு, போனா போகுதுன்னு விட்டுடலாம். 'வீடு' 1988ல வந்த படம். தேசிய விருது வாங்கினது. அதோட நெகட்டிவ் இப்ப இல்லைன்னு பாலுமகேந்திராவே மேடையில வருத்தப்பட்டுச் சொன்னார். தமிழ்நாட்டுக்குன்னு ஒரு ஆவணக்காப்பகம் வேணும்னு கடைசி காலத்துல கேட்டுக்கிட்டே இருந்தார். எங்க தொழில்ல பேக்கப் இல்லாம ஒரு சர்வரை ஓட்டினா வேலையை விட்டுத் தூக்கிடுவாங்க. இங்க தொண்ணூறு வருஷத்துக்கும் மேல பேக்கப் இல்லாமலேயே ஓட்டிக்கிட்டு இருக்கோம்.

தமிழ்ல அப்படி ஒரு பயணப் படம் எடுத்தா சென்னையில ஆரம்பிக்கவே கூடாதுங்கறது என் கட்சி. திருச்சியில ஆரம்பிக்கணும். 1905ல டூபாண்ட்னு ஒரு பிரெஞ்சுக்காரர் ப்ரொஜெக்டரோட ஊர் ஊராப் படம் காட்டிக்கிட்டு திருச்சி வந்தவர், உடம்பு சரியில்லாமப் போய் எல்லாத்தையும் வித்துட்டுக் கிளம்பறார். வாங்கினவர் ரயில்வேயில வேலை பார்த்துக்கிட்டு இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட். கூடவே ஏசுவோட வாழ்க்கையைப் பத்தின படச்சுருளும் கிடைச்சுது. வேலையை உதறிட்டு கூடாரத்தைத் தூக்கிக்கிட்டு வடக்கே பெஷாவர் வரைக்கும் போனார் மனுஷன். 1914ல கோயமுத்தூர்ல வெரைட்டி ஹால் கட்டினார். தாவெர்னியே பிறந்த லியோன்லதான் லூமியேர் சகோதரர்கள் 1895ல தங்களோட முதல் படத்தை எடுத்தாங்க. அந்தத் தெருவுக்கே 'முதல் படத் தெரு'ன்னு பேரு. அங்க இருக்கற லூமியேர் நிறுவனத்துக்குத் தலைவரா இருந்தவர் நம்மாளு தாவெர்னியே. திருச்சியில அப்படி ஒரு தெருப் பேரை நான் பார்த்ததில்லை.

அடுத்த நிறுத்தம் சிக்கல், திருவாரூர். 'தில்லானா மோகனாம்பாள்' (1968) எல்லாரும் நூறு தடவை பார்த்த படம், ஒத்துக்கறேன். ஆனா சிவாஜி வாய்ல நாயனத்தை வச்சிருக்கறப்ப கன்னம், கழுத்து நரம்பு, மூச்சு இழுக்கற இடம் எல்லாம் எப்படி வாசிப்போட ஒட்டி வருதுன்னு ஒரு டைரக்டர் நிறுத்தி நிறுத்திக் காட்டினா எப்படி இருக்கும்! நிஜமா வாசிச்சவங்க சேதுராமன் - பொன்னுசாமி சகோதரர்கள். (சிக்கல் சண்முகசுந்தரத்துக்கு வாசிச்சது மதுரைக்காரங்க. தஞ்சாவூர்க்காரங்க கோவிச்சுக்காதீங்க :-) ) அப்புறம் 'அந்த நாள்' (1954). பாட்டே இல்லாத படம்ங்கறதை எல்லாரும் சொல்லிட்டாங்க. மாருதிராவ் அதுல இருட்டை எப்படிப் படம் பிடிச்சார்னு யாராவது சொல்லுங்கப்பா.

எடுக்கறது சுலபம் இல்லைதான். தாவெர்னியேவுக்கு கோமோன், பாதேன்னு ரெண்டு பெரிய கம்பெனிகளும் தயாரிப்பிலேயே கூட நின்னாங்க, படங்களும் அவங்ககிட்டயே இருந்துச்சு. இங்க ஒரு பழைய படத்தோட உரிமை எத்தனை கை மாறியிருக்குன்னு தேடறதுக்கே தனி ஆபீஸ் போடணும். 2012ல 'கர்ணன்' புதுப்பிச்சு வந்து நல்லா ஓடினதும் சந்தோஷப்பட்டேன், ஆனா அதுக்கப்புறம் வந்ததெல்லாம் பெரும்பாலும் ஸ்டார் படம்தான். டி.பி.ராஜலட்சுமிக்கு ரசிகர் மன்றம் இல்லையே.

யார் எடுக்கறது? பாலுமகேந்திரா 2014 பிப்ரவரியில போயிட்டார். நன்னிலத்துக்காரர் கே.பி. அதே வருஷம் டிசம்பர்ல. மகேந்திரன் 2019ல. மூணு பேர் தலைக்குள்ள இருந்ததும் அவங்களோடயே போச்சு. என் ஓட்டு கமலுக்கு. 1960லேர்ந்து செட்டுல நின்னவர், கருப்பு வெள்ளையிலேர்ந்து டிஜிட்டல் வரைக்கும் கையால தொட்டுப் பார்த்தவர். டி.கே.எஸ். நாடகப் பட்டறை, நாகேஷ், கே.பி.ன்னு சொல்றதுக்கு ஆள் ஆளா வச்சிருக்கார். ஒரே நிபந்தனை, அவரைப் பத்தி அரை மணி நேரத்துக்கு மேல பேசக்கூடாது. இல்லேன்னா மூணு மணி நேரம் பத்தாது.