நிலத்தின் பிணியும் நிலையான மருந்தும்

தக்காளியும் கத்தரியும் பயிரிடும் குடியானவனுக்கு நேரும் துன்பங்களுள், செடி நின்ற நிலையிலேயே வாடி மடிவதைப் போன்ற துன்பம் பிறிதொன்றில்லை. நேற்றுப் பசுமையாய் நின்ற செடி இன்று நண்பகலில் தலைசாய்கிறது; சில தினங்களில் பட்டுப்போகிறது. இலையில் புழுவில்லை, காயில் பூச்சியில்லை. பிணி வேரில் இருக்கிறது. வேருக்கு அது மண்ணிலிருந்து வந்தது. உழவுக்கும் எருவுக்கும் கடன்பட்டுச் செலவிட்டு, காய்ப்பை எதிர்நோக்கும் தருணத்தில் இவ்விபத்து நேருகிறபடியால், ஒரு போகம் வாடினால் ஒரு குடும்பமே வாடுகிறது.

குடியானவன் மருந்துக் கடைக்கு ஓடுகிறான். பணம் போகிறது, பிணி போவதில்லை. காரணம் வெளிப்படை. வாடல் நோயை விளைக்கும் பூஞ்சணம், பயிரில்லாத காலத்திலும் மண்ணில் பல ஆண்டுகள் உறங்கிக் கிடக்க வல்லது. பாக்டீரியாவால் வரும் வாடலுக்கோ, செடி வாடிய பின்னர்ப் பயன்படும் மருந்தே இல்லை. மண்ணிலுள்ள ஜீவராசிகளை ஒருங்கே மாய்க்கும் மெதில் புரோமைடு என்னும் நச்சுவாயுவை மேல்நாட்டார் நெடுங்காலம் கையாண்டனர். அது ஓசோன் படலத்தைக் கெடுப்பது கண்டு, மாண்ட்ரீல் உடன்படிக்கையின்படி முன்னேறிய நாடுகள் 2005-லும், ஏனைய நாடுகள் 2015-லும், சில விலக்குகள் நீங்கலாக, அதைக் கைவிட நேர்ந்தது. மண்ணைக் கொன்று பயிரைக் காக்கும் மார்க்கம் இவ்வாறு முடிந்தது.

மண்ணை உயிர்ப்பித்துப் பயிரைக் காக்கும் மார்க்கமோ நம் கையிலேயே இருக்கிறது. கோடையில் ஆழ உழுது நிலத்தைக் காயவிடுவது நம் முன்னோர் வழக்கம். நனைத்த மண்ணின்மீது ஒளி ஊடுருவும் பாலிதீன் தாளைப் போர்த்தி, நாலு முதல் ஆறு வாரம் வெயிலில் விட்டால் நோய்க்கிருமிகள் பெரிதும் மடியும் என்று 1976-ல் இஸ்ரேல் விஞ்ஞானிகள் எடுத்துக் காட்டினர். பெருநிலத்துக்கு இச்செலவு தாளாது, நாற்றங்காலுக்குத் தாளும். தக்காளி, கத்தரி, மிளகாய், உருளைக்கிழங்கு யாவும் ஒரே குலத்தவை. ஒன்றன்பின் ஒன்றாக இவற்றையே வைப்பது நோய்க்கு இடையறாது விருந்திடுவதாகும். இடையில் சோளமோ, நீர் தேங்கும் நிலமாயின் நெல்லோ வைத்தல் வேண்டும். செண்டுமல்லி, வேரைத் துளைத்து வாடலுக்கு வாயில் திறக்கும் நூற்புழுவை அடக்கும். சுண்டைச் செடியின் வேர்மீது கத்தரியை ஒட்டினால் வாடலைத் தாங்கி நிற்கும். டிரைக்கோடெர்மா விரிடி என்னும் நன்மை செய்யும் பூஞ்சணத்தைக் கிலோ விதைக்கு 4 கிராம் கலந்தும், ஹெக்டேருக்கு இரண்டரைக் கிலோவை 50 கிலோ மக்கிய தொழுவுரத்துடன் சேர்த்தும் இடலாம். அது தீய பூஞ்சணத்தைப் பற்றி உண்டு அழிக்கும்.

இவற்றுள் எதுவும் தனித்து நின்று வெல்லாது. நட்டபின் செய்வதும் பயனில்லை. விதைக்குமுன் தொடங்கி ஒருங்கே கையாளுதல் வேண்டும். இது பழம்பஞ்சாங்கம் என்று இகழும் படித்தவர்களுக்கு ஒன்று சொல்வோம். 1924 முதல் 1931 வரை இந்தூரில் ஆராய்ச்சி நடத்திய ஆல்பர்ட் ஹோவர்ட், இந்தியக் குடியானவர்களையே தம் ஆசான்களாகக் கொண்டார். அந்நியர் கற்ற பாடத்தை நாம் மறப்பது அழகன்று.

சர்க்காரின் கடமையும் உண்டு. டிரைக்கோடெர்மாப் பொடியில் கிராமுக்குக் குறைந்தது 20 லட்சம் உயிருள்ள வித்துக்கள் இருக்க வேண்டுமென்பது விதி. வெயிலில் கிடந்து செத்த பொடியும் உயிருள்ள பொடியும் கண்ணுக்கு ஒன்றே, விலையும் ஒன்றே. ஏமாந்த குடியானவன் பொடியை மட்டுமல்ல, இம்மார்க்கத்தையே வெறுத்து மீண்டும் நஞ்சை நாடுவான். ஆகையால் விவசாய இலாகா தாலூகாதோறும் கடைச்சரக்கைப் பரிசோதித்து, முடிவைப் பகிரங்கமாக வெளியிட வேண்டும். ஒட்டு நாற்றுக்களையும் நல்ல பொடியையும் பருவத்துக்கு முன்னரே வழங்க வேண்டும்.

கிராமத் தொண்டர்களையும் வேண்டிக்கொள்கிறோம். ஊருக்கு ஒரு நாற்றங்காலில் இம்முறைகளை நடத்திக் காட்டுங்கள். நூறு பிரசங்கங்கள் செய்யாததை வாடாமல் நிற்கும் ஒரு பாத்தி செய்யும்.