பழுதை முதலில் பாருங்கள்

பொருளொன்று கெட்டுப்போனால் அதனைச் சரிசெய்வதை நம் மக்கள் 'பழுது பார்த்தல்' என்கின்றனர். 'பழுது நீக்குதல்' என்ற வழக்கும் உண்டு. ஆயினும், பட்டறைகளின் பெயர்ப்பலகைகளில் நிலைத்து நிற்பது 'பழுது பார்க்குமிடம்' என்பதே. நீக்குவதற்கு முன் பார்க்க வேண்டும் என்னும் நெறி அச்சொல்லிலேயே அடங்கியிருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. பல ஆண்டுகள் தமிழ் கற்பித்தும் புலப்படாத இப்பொருளை எனக்கு உணர்த்தியவர், திருத்தணியில் சாலையோரப் பட்டறை வைத்திருக்கும் ஒரு கம்மியர்.

நடந்தது இதுதான்

எங்கள் குடும்ப மகிழுந்து பதினெட்டு ஆண்டுப் பழையது. அதன் முன்பக்க இடக்கதவுக் கண்ணாடி சில வாரங்களாக மனம்போன போக்கில் இயங்கிற்று. ஒரு நாள் ஏறும், மறுநாள் அசையாது. கையால் சுழற்றும் பிடி அதற்கு இல்லை. பொத்தானை அழுத்தினால் மின்விசையால் ஏறி இறங்கும் 'பவர் விண்டோ' வகை. நகரத்தின் பெரிய பணிமனை ஒன்றில் காட்டினேன். கதவைத் திறந்து பாராமலே, மோட்டாருடன் கூடிய முழு அமைப்பையும் மாற்ற வேண்டும் என்றனர். உதிரி உறுப்பு வந்து சேர மூன்று வாரமாகும் என்றனர். இவ்வளவு பழைய வண்டிக்குச் செலவிடுவதைவிட விற்றுவிடுவதே நன்று என்று அறிவுரையும் வழங்கினர்.

ஐப்பசி மாதத்தில், நண்பர் இல்லத் திருமணத்திற்காகத் திருத்தணிக்குச் சென்றோம். மண்டப வாசலில் இறங்கிய அக்கண்ணாடி மீண்டும் ஏறவில்லை. மழை தூறத் தொடங்கியது. வண்டியைப் பூட்டவும் இயலாது. இரவில் அந்த இருக்கையில் வயது முதிர்ந்த என் அன்னையாரை அமர்த்தி ஊர் திரும்பவும் இயலாது. முருகன் சினம் தணிந்த தலம் ஆதலின் தணிகை எனப் பெயர் பெற்றது என்பர். எனக்கோ சினம் ஏறிக்கொண்டே இருந்தது.

மண்டபக் காவலர் வழிகாட்ட, அரக்கோணம் சாலையில் தகரக் கூரை வேய்ந்த பட்டறை ஒன்றை அடைந்தோம். அங்கிருந்த கம்மியர் கருவி எதனையும் கையில் எடுக்கவில்லை. "சுவிட்சை அழுத்தினா உள்ள சத்தம் வருதா சார்?" என்று கேட்டார்.

அவர் பார்த்த முறை

அந்த ஒரு வினாவில் பாதி நோய் தெளிந்துவிடுகிறது. மோட்டார் சுழலும் ஒலி கேட்டும் கண்ணாடி அசையாவிடில், அதனைத் தாங்கி ஏற்றும் கம்பிவடமோ பல்சக்கரமோ கெட்டிருக்கும். கண்ணாடி மெல்ல மெல்ல நகருமாயின், அது சறுக்கும் ரப்பர்ப் பள்ளத்தில் தூசி படிந்திருக்கும். ஒலியே இல்லையெனில், பெரும்பாலும் மின்சாரம் மோட்டாரைச் சென்று சேரவில்லை என்று பொருள். எங்கள் கதவில் ஒலியே இல்லை.

அடுத்து, ஓட்டுநர் பக்கத்தில் உள்ள பூட்டுப் பொத்தானைப் பார்த்தார். குழந்தைகளின் விரலோ கழுத்தோ கண்ணாடியில் சிக்காதிருக்க அமைந்த பொத்தான் அது. தவறுதலாக அழுந்தியிருந்தாலும் பிற கண்ணாடிகள் இயங்கா. அது சரியாகவே இருந்தது. மற்ற மூன்று கண்ணாடிகளும் இயங்கியதால், பொதுவான ஃபியூஸ் மீது அவருக்கு ஐயம் எழவில்லை. பின்கதவுப் பொத்தானைக் கழற்றி முன்கதவில் பொருத்திப் பார்த்தார், பயனில்லை. ஆகவே பழுது பொத்தானிலும் இல்லை.

பின்னர் அவர் செய்ததைத்தான் நான் மறக்க இயலாது. பொத்தானை அழுத்தியவாறே கதவை மெல்லத் திறந்து, மெல்ல மூடினார். ஒரு குறிப்பிட்ட கோணத்தில் மோட்டார் ஒரு கணம் முனகி அடங்கியது. அவர் முகம் மலர்ந்தது. கதவுக்கும் வண்டியின் உடலுக்கும் இடையே ஒரு ரப்பர்க் குழாய் உண்டு. மின்கம்பிகள் அதன் வழியே செல்கின்றன. கதவைத் திறந்து மூடும் ஒவ்வொரு முறையும் அக்கம்பிகள் வளைந்து நிமிர்கின்றன. பதினெட்டு ஆண்டுகளில் எத்தனை ஆயிரம் முறை! மேலுறை கெடாமல் உள்ளே செம்பு மட்டும் அறுந்திருந்தது. அறுந்த முனைகள் தொட்டால் கண்ணாடி இயங்கும், விலகினால் நின்றுவிடும். மனம்போன போக்கு என்று நான் எண்ணியதற்கு இதுவே காரணம்.

புதிய கம்பித் துண்டை ஈயப் பற்று வைத்து இணைத்து, உறையிட்டு மூடினார். ரப்பர்ப் பள்ளத்தைத் துடைத்துச் சிலிக்கான் தெளித்தார். கிரீஸ் தடவினால் ரப்பர் ஊறிக் கெடும், தூசியும் ஒட்டும் என்று எனக்கு எச்சரிக்கையும் செய்தார். உதவிக்கு நின்ற சிறுவனிடம் "அத்தம் பட்டுகோ" என்று தெலுங்கில் சொன்னார். கண்ணாடியைப் பிடித்துக்கொள் என்பது பொருள். 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி நம் மாநிலத்தோடு இணைந்தது. எல்லைக்கோடு முடிவாகிவிட்டாலும் பட்டறையில் இரு மொழிகளும் ஒரே வேலையைச் செய்துகொண்டிருக்கின்றன. ஒரு மணி நேரத்திற்குள் கண்ணாடி ஏறியது. அவர் பெற்ற கூலி, பணிமனை சொன்ன தொகையில் ஐம்பதில் ஒரு பங்குகூட இல்லை.

இது ஒரு வண்டியின் கதை மட்டுமா?

பணிமனையினர் பொய் சொல்லவில்லை. முழு அமைப்பையும், அதனோடு கம்பிகளையும் மாற்றியிருந்தால் கண்ணாடி இயங்கியிருக்கும். ஆனால் அவர்கள் பார்க்கவில்லை. பாராமல் மாற்றுவது எளிது. அதற்கு அறிவு வேண்டா, பிறர் பணம் இருந்தால் போதும். இந்தப் பழக்கம் நம் வாழ்வெங்கும் பரவி வருகிறது என்பதே என் கவலை.

நாட்டின் சட்டமும் இதனைக் கவனிக்கத் தொடங்கியுள்ளது. உதிரி உறுப்புகளையும் பழுதறியும் கருவிகளையும் வெளிச்சந்தையில் கிடைக்கவிடாமல் தடுத்தனர் என்று 14 மகிழுந்து நிறுவனங்கள் மீது இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்டு 25 அன்று 2,544 கோடி ரூபாய்க்கு மேல் தண்டம் விதித்தது. அதன்மேல் முறையீடுகள் எழுந்தன என்பது வேறு. ஆயினும் சாலையோரக் கம்மியரின் கையைக் கட்டுவது நுகர்வோரின் கையைக் கட்டுவதே என்னும் உண்மை அன்று பதிவாயிற்று. 2022 டிசம்பரில் நடுவண் அரசு 'பழுது பார்க்கும் உரிமை'க்கென ஓர் இணையவாயிலைத் தொடங்கியது. வேளாண் கருவிகள், கைப்பேசி, வீட்டுப் பொருள்கள், வாகனங்கள் ஆகிய நான்கு துறைகள் அதில் அடங்கும்.

மாற்றவே கூடாது என்று நான் வாதிடவில்லை. கம்பிவடம் நைந்து அறுந்தால் அந்த அமைப்பை மாற்றத்தான் வேண்டும். வெறுமனே முறுக்கி ஒட்டுநாடா சுற்றிய மின்கம்பி தீயை அழைக்கும். இன்றைய புது வண்டிகளில் விரல் சிக்கினால் தானே இறங்கும் கண்ணாடிகள் உள்ளன. அவற்றைக் கணிப்பொறி ஆள்கிறது. அங்கே காதால் கேட்டறியும் திறன் மட்டும் போதாது. அதனால்தான் கருவிகளும் குறிப்பேடுகளும் சிறு பட்டறைகளுக்கும் கிட்ட வேண்டும் என்கிறேன். இல்லையேல் பார்க்கத் தெரிந்தவர்க்குப் பார்க்கும் வாய்ப்பே இராது.

கூசாமல் சொல்லுங்கள்

விடைபெறும்போது நான் கல்லூரி ஆசிரியன் என்று அறிந்து அக்கம்மியர் சொன்னார்: "என் பையனும் காலேஜ்லதான் படிக்கிறான் சார். அப்பா என்ன பண்றாருன்னு கேட்டா 'பிசினஸ்'னு சொல்றானாம்." சிரித்துக்கொண்டேதான் சொன்னார். மழையில் நனைந்த சாலையில் ஊர் திரும்பும்வரை அச்சொல் என்னை உறுத்திக்கொண்டிருந்தது.

அந்த மகன் கூசுவதற்கு யார் காரணம்? நாம்தான். அறிகுறியைக் கேட்டு, ஐயங்களை ஒவ்வொன்றாக நீக்கி, எஞ்சியதைச் சோதித்து உறுதி செய்யும் ஆய்வுமுறையை நாம் கரும்பலகையில் எழுதிக் கற்பிக்கிறோம். அதே முறையை எண்ணெய்க் கறை படிந்த கையால் செய்பவரை அறிஞர் வரிசையில் சேர்க்க மறுக்கிறோம். டாக்டர் இராதாகிருஷ்ணனை ஈன்ற ஊர் திருத்தணி. ஆசிரியர் நாளில் அப்பெருமகனாரைப் போற்றும் நாம், அதே ஊரின் தகரக் கூரையின் கீழும் ஓர் ஆசிரியர் இருக்கக்கூடும் என்று எண்ணிப் பார்த்ததுண்டா?

மாணவர்களே, உங்கள் தந்தையின் தொழிலைக் கூசாமல் சொல்லுங்கள். அதன் சொற்களைத் தொகுத்துத் தமிழ்த்துறைக்குக் கொணருங்கள். ஆசிரியப் பெருமக்களே, தேர்வில் தவறும் மாணவனையும் பாராமல் ஒதுக்காதீர். எங்கோ ஒரு கம்பிதான் அறுந்திருக்கும். சமுதாயப் பெரியோர்களே, கல்லூரி விழாக்களில் பொன்னாடை போர்த்தும்போது, ஆண்டுக்கு ஒரு கம்மியரையாவது மேடைக்கு அழையுங்கள். அவர்தம் பிள்ளை அவையில் அமர்ந்து அதனைக் காணட்டும்.