விலைக்கு வாங்கிய மென்பொருள்

கணினி பழுதடைந்தால் வேறொன்று வாங்கிக்கொள்ளலாம். பழைய கணினியில் இருந்த மென்பொருளைப் புதியதில் நிறுவ முற்படும்போதுதான் பலருக்கும் ஓர் உண்மை தெரியவருகிறது. அவர்கள் பணம் கொடுத்துப் பெற்றது மென்பொருளை அன்று. அதைப் பயன்படுத்தும் உரிமத்தை மட்டுமே. அவ்வுரிமம் பல வேளைகளில் பழைய கணினியோடு முடிந்துபோகிறது.

கணினியுடன் சேர்த்து விற்கப்படும் இயங்குதளத்தின் உரிமம் பெரும்பாலும் அந்தக் கணினிக்கே உரியது. தனியாக வாங்கிய மென்பொருளுக்குக் குறுவட்டும் வரிசை எண்ணும் இருக்கும். ஆனால் இன்றைய மடிக்கணினிகள் பலவற்றில் குறுவட்டை இடுவதற்கே இடமில்லை. எண்ணை உள்ளிட்டாலும், விற்ற நிறுவனத்தின் வழங்கி இணையவழியே அதை ஏற்றுக்கொள்ள வேண்டும். அவ்வழங்கியே நிறுத்தப்பட்டால் என்ன செய்வது? அடோபி நிறுவனம் தன் 'கிரியேட்டிவ் சூட் 2' தொகுப்புக்கான வழங்கியை நிறுத்தியபோது, அந்த ஒப்புதல் தேவைப்படாத பதிப்பை 2013ஆம் ஆண்டின் தொடக்கத்தில் வெளியிட்டது. பாராட்டத்தக்க செயல்தான். எனினும் வாங்கியவரின் உரிமை, விற்றவரின் நல்லெண்ணத்தை நம்பி நிற்பது முறையன்று.

இழப்பு மென்பொருளோடு நிற்பதில்லை. தமிழ், மலையாள அச்சகங்கள் நெடுங்காலம் பேஜ்மேக்கரில் பக்கங்களை வடிவமைத்தன. அதன் இறுதிப் பதிப்பான ஏழாம் பதிப்பு வந்தது 2001இல். ஒருங்குறிக்கு முந்தைய எழுத்துருக்களில் தட்டச்சிட்ட அக்கோப்புகள், அந்த மென்பொருளும் எழுத்துருவும் இல்லாத கணினியில் திறவா. திறந்தாலும் பொருளற்ற குறிகளாகவே தெரியும். திருமண அழைப்பிதழ்கள் போகட்டும். ஊர்க்கோயில் வரலாறும் பள்ளி ஆண்டு மலரும் அவற்றுள் உறங்குகின்றனவே!

இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் (1957), முறைப்படி வாங்கிய மென்பொருள் சேதமுறும் அல்லது தொலைந்துபோகும் நிலைக்குப் பாதுகாப்பாகப் படி எடுத்து வைக்க 52ஆம் பிரிவில் இடமளிக்கிறது. ஆனால் நிறுவனத்தின் ஒப்புதலின்றி இயங்காத படியால் யாருக்கு என்ன பயன்? கள்ளப்படிகளைத் தடுக்கவே ஒப்புதல் முறை கொண்டுவரப்பட்டது என்பர் விற்பனையாளர். அக்காரணம் விற்பனை நடைபெறும் வரை பொருந்தும். விற்பனையையும் ஆதரவையும் நிறுத்திய பின், பூட்டை மட்டும் விட்டுவைப்பதில் நியாயமில்லை. நிறுத்தும் நாளில் பூட்டைத் திறந்துவிடுவதாக நிறுவனம் எழுத்தில் உறுதியளிக்க வேண்டும் என்பதை அரசுகள் தம் கொள்முதல் ஒப்பந்தங்களிலேனும் சேர்க்கலாம். விண்டோசு 10க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்து, பல அலுவலகங்கள் கணினிகளை மாற்றிவரும் வேளையில் இது தள்ளிப்போடத் தக்கதன்று.

திருவனந்தபுரம் வேறொரு வழியையும் காட்டியுள்ளது. விண்டோசு எக்ஸ்பி இணையவழி ஒப்புதல் முறையோடு சந்தைக்கு வந்த அதே 2001ஆம் ஆண்டில், இந்தியக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை இந்நகரில் தொடங்கப்பட்டது. கட்டற்ற மென்பொருளை எத்தனை கணினிகளிலும் நிறுவலாம், திருத்தலாம், பிறருக்குக் கொடுக்கலாம். கேரள அரசுப் பள்ளிகள் படிப்படியாக அதற்கு மாறின. பூசப்புரையில் தலைமையிடம் கொண்ட 'கைட்' நிறுவனம், உபுண்டு 18.04ஐ அடிப்படையாகக் கொண்ட இயங்குதளத்தைப் பள்ளிகளுக்கென வடிவமைத்தது. 2 இலட்சத்திற்கும் மேற்பட்ட பள்ளிக் கணினிகளில் அதை நிறுவுவதால் ஏறத்தாழ 3,000 கோடி ரூபாய் மிச்சமாகும் என்று 2019இல் அந்நிறுவனம் கணக்கிட்டது.

மாற்றம் எளிதாக அமைந்துவிடவில்லை. ஆசிரியர்களுக்குப் பயிற்சி தர வேண்டியிருந்தது. பணத்தைவிட அந்த உழைப்பே பெரிய முதலீடு எனலாம். கணக்குப் பதிவுக்கோ அச்சு வடிவமைப்புக்கோ குறிப்பிட்ட வணிக மென்பொருளையே நம்பியிருக்கும் கடைக்காரர் ஒரே நாளில் மாறிவிட முடியாது என்பதும் மெய். ஆயினும் கேரளப் பள்ளி ஒன்றில் கணினி பழுதானால், அந்த இயங்குதளத்தை வேறொரு கணினியில் அன்றே நிறுவிக்கொள்ளலாம். வரிசை எண்ணைத் தேடி எவரும் பழைய அலமாரியைக் குடைய வேண்டியதில்லை.