காணிக்கையும் வரியும்

தர்மம் செய்த பணத்துக்கு வரி வேண்டாம் என்று ஒரு சர்க்கார் சொன்னால் அது பாராட்டத்தக்கது.

பிரிட்டனில் அப்படி ஒரு சட்டம் இருக்கிறது. அதன் பெயர் "கிப்ட் எய்ட்". 1990-ம் ஆண்டில் அது வந்தது. முதலில் 600 பவுனுக்குக் குறையாமல் கொடுத்தால்தான் சலுகை கிடைத்தது. ஏழை எளியவர்களுக்கு அது எட்டவில்லை. 2000-ம் ஆண்டில் அந்த வரம்பு நீக்கப்பட்டது. இப்போது 1 பவுன் கொடுத்தாலும் சலுகை உண்டு.

கணக்கு இதுதான்

ஒருவருக்கு 125 பவுன் வருமானம் வருகிறது. அதில் 20 சதவீதம், அதாவது 25 பவுன், வரியாகப் போகிறது. மீதி 100 பவுன். அதை அவர் தமது தேவாலயத்துக்குக் காணிக்கையாகக் கொடுக்கிறார்.

அதோடு, தமது பெயரையும் முகவரியையும் கொடுத்து, "நான் வரி கட்டுகிறேன்" என்று உறுதி கூறுகிறார். தேவாலயத்தார் அதைக் காட்டி, வரி இலாகாவிடம் அந்த 25 பவுனைக் கேட்டு வாங்கிக்கொள்கிறார்கள். ஆக, 100 பவுன் 125 பவுன் ஆகிறது! கொடுத்தவருக்கு ஒரு காசு கூட அதிகச் செலவு இல்லை.

இங்கிலாந்தில் 40 சதவீத வரி கட்டும் செல்வந்தர் 100 பவுன் கொடுத்தால், அவரும் தம் பங்குக்கு 25 பவுன் திரும்பப் பெறலாம்.

உஷார் தேவை

ஆனால், உறுதிமொழி விளையாட்டு அல்ல.

சொற்ப பென்ஷனில் வாழும் மூதாட்டி வருமான வரி கட்டுவது இல்லை. கடையில் பொருள் வாங்கும்போது அவர் வரி கொடுக்கலாம். வீட்டுக்காக நகரசபைக்கும் வரி கொடுக்கலாம். அவை இந்தக் கணக்கில் சேரா. மற்றவர்களைப் பார்த்து அவரும் உறுதி கூறிவிட்டால் என்ன ஆகும்? தேவாலயம் வாங்கிய தொகையை வரி இலாகா அவரிடமே கேட்கும்!

ஆகவே, தாளை நீட்டும் தேவாலயத்தார் முதலில், "நீங்கள் வருமான வரி கட்டுகிறீர்களா?" என்று கேட்க வேண்டும். "இல்லை" என்றால், வற்புறுத்தக் கூடாது. காணிக்கையை மட்டும் அன்போடு வாங்கிக்கொள்ள வேண்டும்.

ஏழையின் காசு

அப்படியானால் ஏழையின் காசுக்கு மதிப்பு இல்லையா? உண்டு.

2013-ம் ஆண்டில் சிறு காணிக்கைகளுக்கு என்று தனித் திட்டம் வந்தது. 30 பவுனுக்கு மேற்படாத ரொக்கக் காணிக்கைகளை அதில் சேர்க்கலாம். கொடுத்தவர் யார், அவர் வரி கட்டுகிறாரா என்று யாரும் கேட்பது இல்லை. அப்படி ஆண்டுக்கு 8,000 பவுன் வரை சேர்ந்தால், சர்க்கார் 2,000 பவுன் வரை கொடுக்கிறது. ஆனால் தேவாலயம் "கிப்ட் எய்ட்" முறையிலும் பணம் பெற்று வர வேண்டும். கணக்கும் ஒழுங்காக இருக்க வேண்டும்.

மூதாட்டி உண்டியலில் போடும் 1 பவுனுக்கும் 25 பென்ஸ் சேருகிறது. அதற்காக அவர் பொய் சொல்ல வேண்டியது இல்லை.

வரி கட்டுகிறவர்கள் தயங்காமல் உறுதி கூறட்டும். கட்டாதவர்கள் பேசாமல் உண்டியலில் போடட்டும். இரண்டுமே நல்ல காணிக்கைதான். வரிச் சலுகை தர்மத்துக்குத் துணையாக வந்தது. அதைப் பெறுவதற்காக யாரும் உண்மையை விட்டுவிடக் கூடாது.