காய்கறியில் ஓர் இதயம்... காதைக் கிழிக்கும் கார்கஸ்!

ஹாஸ்டல்ல இருக்கிறவங்க ரூம் கதவைச் சாத்திக்கோங்க. வீட்டுல இருக்கிறவங்க ஹெட்போனை மாட்டிக்கோங்க. ஏன்னா, இந்த வாரம் நாம கேட்கப் போறது எக்ஸ்ட்ரீம் மெட்டல்!

‘ஐயோ, அந்தக் கத்தலா?’ன்னு பக்கத்தைப் புரட்டிடாதீங்க. இந்தக் கத்தலுக்குப் பின்னால ஒரு சூப்பர் நட்புக் கதை இருக்கு.

பேண்டோட பெயர் கார்கஸ். அதாவது, செத்த மிருகத்தின் உடல். ஊர், இங்கிலாந்தின் லிவர்பூல். ஆமாம், பீட்டில்ஸ் பிறந்த அதே லிவர்பூல்தான்! 1980-களில் பில் ஸ்டியர் கிதார், கென் ஓவன் டிரம்ஸ், ஜெஃப் வாக்கர் பேஸ் கிதார் என்று மூன்று பசங்க சேர்ந்தார்கள். 1988-ல் முதல் ஆல்பம், ‘ரீக் ஆஃப் புட்ரிஃபேக்‌ஷன்’. 40 நிமிடத்துக்குள் 22 பாட்டு! ரெக்கார்டிங் தரம் படு சுமார். அட்டையில் பிரேதப் பரிசோதனைப் படங்களை வெட்டி ஒட்டியிருந்தார்கள். (சாப்பிடுறதுக்கு முன்னாடி தேடிப் பார்த்துடாதீங்க ப்ளீஸ்!) ஆனா, பி.பி.சி. ரேடியோவின் பிரபல டிஸ்க் ஜாக்கி ஜான் பீல், அந்த வருடம் தனக்கு ரொம்பப் பிடித்த ஆல்பம் இதுதான் என்று சொல்லி அசத்திவிட்டார்.

பாட்டு வரிகள்? எம்.பி.பி.எஸ். மாணவர்களே தடுமாறும் ரகம். நர்ஸாக இருந்த ஜெஃப்பின் அக்கா தங்கச்சி வகையில் வீட்டுக்கு வந்த மருத்துவ அகராதியைப் புரட்டி எழுதியவை அவை. ரத்தம், சதை, குடல்னு எழுதிய இந்தப் பசங்க சாப்பாட்டு விஷயத்தில் சுத்த சைவம்! தட்டில் கிடக்கிற இறைச்சிக்கும் நம்ம உடம்புக்கும் என்ன வித்தியாசம் என்கிற கேள்விதான் அந்தக் கோரத்துக்கு அடியில் ஓடுகிறது.

சரி, இந்தச் சத்தம் எப்படி வருது? கிதாரின் வழக்கமான அடித் தந்தி ‘ஈ’ சுரம். இவர்கள் தந்தியைத் தளர்த்தி ‘பி’ வரைக்கும் இறக்கிவிடுவார்கள். அதனால்தான் அந்த அடிவயிற்று உறுமல். டிரம்ஸில் ‘பிளாஸ்ட் பீட்’ என்று ஒரு வித்தை. காலால் பெரிய டிரம், கையால் ஸ்நேர் டிரம், ரெண்டையும் தையல் மெஷின் ஓடுற வேகத்தில் மாற்றி மாற்றி அடிப்பது. சும்மா வெறியில் அடித்தால் இரண்டே நிமிடத்தில் கை விழுந்துவிடும். பல வருஷ சாதகம் தேவைப்படுகிற விஷயம் பாஸ் இது!

1993-ல் வந்த ‘ஹார்ட்வொர்க்’ இவர்களை எங்கேயோ கொண்டுபோனது. முரட்டு இசைக்குள் இரட்டை கிதார் மெலடியை நுழைத்துப் பின்னிப் பெடலெடுத்தார்கள். அதற்கு அப்புறம் 1996-ல் ‘ஸ்வான்சாங்’. அது வெளிவரும்போது பேண்டே கலைந்துபோயிருந்தது.

நிஜ இடி 1999-ல் விழுந்தது. டிரம்மர் கென் ஓவனுக்கு மூளையில் ரத்தக்கசிவு. பல மாதம் கோமா. உயிர் திரும்பியது. ஆனால், பழைய வேகத்தில் டிரம்ஸ் வாசிக்கும் உடம்பு திரும்பவில்லை.

யோசிச்சுப் பாருங்க... பேண்டைத் தொடங்கினவங்கள்ல ஒருத்தன். பேண்டின் துடிப்பே அவன் கைதான். அந்தக் கை இனி ஓடாது. 2008-ல் கார்கஸ் மறுபடி மேடை ஏறியபோது டிரம்ஸில் உட்கார்ந்தது வேறொருவர். வேறு வழியில்லை. கென்னுக்காக மெதுவாக வாசித்தால் அது கார்கஸ் இல்லை. கென்னை மறந்துவிட்டு வாசித்தாலும் அது கார்கஸ் இல்லை. என்ன செய்வீங்க?

அவங்க செஞ்சது இதுதான். அந்தச் சுற்றுப்பயணத்தில் ஜெர்மனியின் வாக்கன் திருவிழா மேடைக்கு கென்னை அழைத்து, சின்னதாக ஒரு டிரம்ஸ் சோலோ வாசிக்க வைத்தார்கள். 17 வருட இடைவெளிக்கு அப்புறம் 2013-ல் வந்த ‘சர்ஜிக்கல் ஸ்டீல்’ ஆல்பத்தில் டேனியல் வைல்டிங் டிரம்ஸ் வாசிக்க, கென் பின்னணிக் குரல் கொடுத்தார். 2021 செப்டம்பரில் அடுத்த ஆல்பம். பெயர், ‘டோர்ன் ஆர்ட்டரீஸ்’. கிழிந்த தமனிகள்! இந்தப் பெயர் எங்கிருந்து வந்தது தெரியுமா? 80-களில் கென் தனியாகப் பதிவு செய்த ஒரு டெமோ கேசட்டின் பெயர் அது!

இப்போ ஆல்பத்துக்கு வருவோம். 2020-ல் வந்திருக்க வேண்டியது. கொரோனா ஒரு வருடம் தள்ளிப்போட்டது. 10 பாட்டு, கிட்டத்தட்ட 50 நிமிடம். முதல் பாட்டே ஆல்பம் பெயரில், பழைய வேகத்தில் பாய்கிறது. ‘எலினார் ரிகர் மார்ட்டிஸ்’ என்று ஒரு பாட்டு. பீட்டில்ஸின் ‘எலினார் ரிக்பி’யையும், இறந்த உடல் விறைத்துப்போவதைக் குறிக்கிற மருத்துவச் சொல்லையும் முடிச்சுப்போட்ட லிவர்பூல் குசும்பு! ‘இன் காட் வி ட்ரஸ்ட்’ பாட்டில் நடுவே கைதட்டல் எல்லாம் வருது. டெத் மெட்டலில் கைதட்டலா? ஆமாம்ப்பா! பேண்ட் கலைந்திருந்த வருடங்களில் பில் ஸ்டியர் ‘ஃபயர்பேர்ட்’ என்று ப்ளூஸ் ராக் வாசித்துக்கொண்டிருந்தார். அந்த ஆட்டம் போடவைக்கிற நடை இந்த ஆல்பத்தில் நிறைய இடத்தில் எட்டிப்பார்க்கிறது.

ஹைலைட், ‘ஃப்ளெஷ் ரிப்பிங் சானிக் டார்மென்ட் லிமிடெட்’. அவர்களுடைய 1987 டெமோவின் பெயருக்குப் பின்னால், கம்பெனி மாதிரி ஒரு ‘லிமிடெட்’ சேர்த்திருக்கிறார்கள். ஒரு காலத்தில் 40 நிமிடத்தில் 22 பாட்டு போட்டவர்கள், இங்கே ஒரே பாட்டை 10 நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவாக இழுத்து, போரடிக்காமல் முடிக்கிறார்கள்.

குறையே இல்லையா? இருக்கு. ‘சர்ஜிக்கல் ஸ்டீல்’ கத்தி மாதிரி நேரா இறங்கியது. இதில் பின்பாதி கொஞ்சம் அலைபாய்கிறது. முதல்முறை கேட்கும்போது ‘எங்கப்பா போறீங்க?’ன்னு கேட்கத் தோணும். மூன்றாவது தடவைதான் பிடி கிடைக்கும்.

அட்டைப்படம் செம! போலந்து ஓவியர் ஸ்பிக்னியெவ் பியலாக்கின் கைவண்ணம். வெள்ளைத் தட்டில் காய்கறிகளாலேயே ஒரு மனித இதயம். அது நாளாக நாளாக அழுகிப்போவதையும் படமாக்கியிருக்கிறார்கள். இறந்த உடல் படிப்படியாக அழிவதை ஒன்பது நிலைகளாக வரைந்த பழைய ஜப்பானிய ஓவிய மரபுதான் இதற்கு முன்மாதிரி. 1988-ல் பிணங்களை ஒட்டி அதிர வைத்தார்கள். இப்போ காய்கறியை வைத்தே அதே விஷயத்தைச் சொல்லிவிட்டார்கள். இதுதான் முதிர்ச்சி!

உங்க கல்லூரி பேண்டிலோ, கிரிக்கெட் டீமிலோ, நாடகக் குழுவிலோ ஒருத்தர் உடம்பு முடியாமல் விலகியிருப்பார். ஆட்டம் நிற்காது, நிற்கவும் வேண்டாம். வேறொருவர் வரத்தான் வேண்டும். ஆனா, அவருக்குன்னு ஒரு இடம் வெச்சிருக்கீங்களா? ஒரு குரல், ஒரு சோலோ, குறைந்தபட்சம் ஒரு பெயர்? சத்தமாகப் பாடுகிறவர்களுக்கு மென்மையான மனசு இருக்காதுன்னு யார் சொன்னது!

புதுசா கேட்கிறவங்க ‘ஹார்ட்வொர்க்’ல தொடங்குங்க. பிறகு ‘சர்ஜிக்கல் ஸ்டீல்’, கடைசியாக ‘டோர்ன் ஆர்ட்டரீஸ்’. அதே மாதிரி உறுமிப் பார்க்கிறேன்னு தொண்டையைப் புண்ணாக்கிக்காதீங்க. அதுக்குத் தனிப் பயிற்சி இருக்கு. வைவா வேற வருதுல்ல?

அடுத்த வாரம் வேறொரு சத்தத்தோடு சந்திப்போம். வர்ட்டா!